கடைசித் தவணையும் கட்டியாச்சு

2025 ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை ராத்திரி. அமெரிக்கன் ஃபுட்பால் டீம்கள் புதுப் பசங்களைத் தேர்ந்தெடுக்கற என்எஃப்எல் டிராஃப்டோட ரெண்டாவது ரவுண்டு ஓடிட்டு இருந்துச்சு. வீட்ல எல்லாரும் தூங்கியாச்சு, நான் மட்டும் டிவி சவுண்டைக் குறைச்சு வச்சுட்டு சோஃபால உக்காந்திருந்தேன். 39வது பிக். சிகாகோ பேர்ஸ் டீம், லூதர் பர்டன், மிசௌரி யுனிவர்சிட்டில பந்தைப் பிடிக்கற ரிசீவர்னு பேரைப் படிச்சாங்க. டிவில அந்தப் பையனோட குடும்பமே கட்டிப்பிடிச்சு அழுதுட்டு இருக்காங்க, எனக்கு அதைப் பாக்கவே முடியல, ஏன்னா அந்த 39 எங்களோடது. கரோலினா பாந்தர்ஸ் 2023 மார்ச்ல வாங்கின கடனுக்கு இது கடைசித் தவணை. ரெண்டு வருஷத்துக்கும் மேல ஆச்சு, இப்பதான் கணக்கு முடிஞ்சுது. அதனாலதான் இன்னிக்கு உக்காந்து இதை எழுதறேன், ரொம்ப நாளா மனசுல கிடக்கற விஷயம்.

இந்த விளையாட்டைப் பாக்காதவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடறேன். இது நம்ம கால்பந்து இல்ல, ஹெல்மெட் போட்டு மோதற அமெரிக்கன் ஃபுட்பால். என்எஃப்எல்ல 32 டீம். காலேஜ் முடிச்சு வர்ற பசங்களை ஐபிஎல் மாதிரி ஏலம் போட மாட்டாங்க, வரிசையா ஆளுக்கு ஒருத்தரா தேர்ந்தெடுக்கணும், ஏழு ரவுண்டு. போன வருஷம் யார் கடைசில வந்தாங்களோ அவங்களுக்கு முதல் சான்ஸ். அந்த சான்ஸைத்தான் பிக்னு சொல்றாங்க. பிக்கை டீம்கள் ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கலாம், அடுத்த வருஷ பிக்கைக்கூட இப்பவே குடுக்கலாம். தோத்துப்போன டீம் தலை தூக்கறதுக்குன்னே பண்ணின ஏற்பாடு இது. என் கேள்வி என்னன்னா, தோத்துக் கிடக்கற டீம் அந்த பெரிய பிக்கை வச்சு என்ன பண்ணணும்? நான் பாத்த வரைக்கும் பதில் ஒண்ணுதான், முதல்ல முன்வரிசை, அதாவது பந்தை எறியறவரைக் காப்பாத்தி முன்னாடி நிக்கற அஞ்சு பேர். பந்தை எறியற குவாட்டர்பேக் அதுக்கப்புறம். அதுவும் இருக்கறதை எல்லாம் வித்து குவாட்டர்பேக்கை வாங்கவே கூடாது.

நான் பாந்தர்ஸோட ஊரான ஷார்லட் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. வந்த புதுசுல ஞாயித்துக்கிழமை ஆனா ஊரே நீலமும் கறுப்புமா கிளம்பிப் போறதைப் பாத்து ஆச்சரியமா இருக்கும். 2015 சீசன்தான் என்னை உள்ள இழுத்துச்சு, 15 ஜெயிச்சு ஒண்ணே ஒண்ணு தோத்த சீசன், எங்க குவாட்டர்பேக் கேம் நியூட்டன்தான் எம்விபி, லீக்லயே சிறந்த ஆட்டக்காரர். லீக்கோட ஃபைனலான சூப்பர் பவுல்ல டென்வர்கிட்ட 24-10னு தோத்தப்ப எனக்கு ரெண்டு நாள் சரியா சாப்பாடு இறங்கல. அதுக்கப்புறம் டீம் கொஞ்சம் கொஞ்சமா கீழ வந்துச்சு. 2022 அக்டோபர்ல அஞ்சு மேட்ச்லயே கோச் மேட் ரூலை அனுப்பிட்டாங்க, கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு குடுத்துட்டாங்க. அவரை மாதிரி பந்தை எடுத்துட்டு ஓடற ஒரு ரன்னிங் பேக் இனிமே எங்களுக்கு எப்ப கிடைப்பார்னு தெரியல. ஆனா ரூலுக்கு அப்புறம் ஸ்டீவ் வில்க்ஸ் இடைக்கால கோச்சா வந்து அதே டீமை வச்சு 6 ஜெயிச்சார், 6 தோத்தார். அப்ப டீம் எப்படி ஜெயிச்சுது? முன்வரிசை அஞ்சு பேரும் சேர்ந்து தள்ளி, பந்தைக் கையில வச்சுக்கிட்டு ஓடி ஓடி ஜெயிச்சாங்க. அந்த மூணு மாசம் பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். அஸ்திவாரம் போட ஆரம்பிச்சிருந்தாங்க.

2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஃபோன் விடாம அதிருது. பாந்தர்ஸ் சிகாகோகிட்ட இருந்து முதல் பிக்கை வாங்கிட்டாங்கன்னு. என்ன குடுத்தாங்கன்னா, அந்த வருஷ 9வது பிக், 61வது பிக், 2024ல முதல் ரவுண்டு பிக், 2025ல ரெண்டாவது ரவுண்டு பிக், அது போக எங்க ரிசீவர் டிஜே மூர். அந்த 61 எங்கிருந்து வந்துச்சுன்னா மெக்காஃப்ரியை வித்ததுல வந்த பிக். அதாவது ஒரு நல்ல நகையை வித்த காசையும் எடுத்து, இருந்த இன்னொரு நகையையும் கழட்டிக் குடுத்து, வரப்போற ரெண்டு வருஷ அறுவடைக்கும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அன்னிக்கு எனக்கு சந்தோஷமாதான் இருந்துச்சு, ஊரே சந்தோஷமா இருந்துச்சு, பையனுக்கு அப்ப ஒம்பது வயசு, வீட்ல குதிச்சான். ஏப்ரல் 27ஆம் தேதி கான்சாஸ் சிட்டில குவாட்டர்பேக் பிரைஸ் யங் பேரைப் படிச்சாங்க. அலபாமால விளையாடி 2021ல ஹைஸ்மன், அதாவது காலேஜ் ஃபுட்பால்ல சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்கினவர், அஞ்சடி பத்து அங்குலம், இந்த விளையாட்டுக்கு குள்ளம்தான், ஆனா மூளைக்காரர்னு எல்லாரும் சொன்னாங்க. அடுத்த வாரமே பையனுக்கு 9ஆம் நம்பர் ஜெர்சி வாங்கினேன்.

ரெண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கார், எழுபதைத் தாண்டினவர், ஒரு ஹைஸ்கூல்ல முப்பது வருஷம் முன்வரிசைல நிக்கற லைன்மேன்களுக்கு மட்டும் பயிற்சி குடுத்தவர். தெருவுல எல்லாரும் அவரை கோச்னுதான் கூப்பிடுவோம். அந்த பிக் கைமாத்தற டிரேட் நடந்த மறுநாள் காலைல குப்பைத் தொட்டியை இழுத்துட்டு வந்தவர்கிட்ட நான் சந்தோஷமா கேட்டேன், என்ன கோச் எப்படின்னு. அவர் ஒண்ணே ஒண்ணு கேட்டார், பையன் நல்ல பையன்தான், அவனுக்கு முன்னாடி யார் நிப்பா, அவன் யாருக்குப் பந்தை எறிவான்? எனக்கு பதில் தெரியல. மூர் போயாச்சு. முன்வரிசையோட இடது ஓரத்துல, இடது டேக்கிளா இக்கி எக்வோனு இருந்தார், 2022ல 6வது பிக், நம்ம ஷார்லட் பையன்தான், ஆனா அவர் ஒருத்தர்தானே. அஞ்சு பேர் நிக்கணும்.

அந்த சீசன் எப்படிப் போச்சுன்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதே இல்ல. 2 ஜெயிச்சு 15 தோத்தோம். டேக்கிளுக்கு உள்பக்கம் நிக்கற கார்ட் இடத்துல முதல் வாரமே அடிபட்டுச்சு, அதுக்கப்புறம் வாராவாரம் புது ஆள். யங்கை 62 தடவை சாக் பண்ணாங்க. பந்தை எறியறதுக்கு முன்னாடியே எதிராளி வந்து தரைல சாய்க்கறதுக்குப் பேர்தான் சாக், ஒரு இருபத்தி ரெண்டு வயசுப் பையனை 120 கிலோ ஆள் ஓடி வந்து விழுந்து அமுக்கறான், அதுவும் 62 தடவை. 11 மேட்ச் முடிஞ்சதும் ஹெட் கோச் ஃபிராங்க் ரைக்கையும் அனுப்பிட்டாங்க, அப்ப 1-10, அதாவது ஒரு ஜெயிப்பு, பத்து தோல்வி. இருந்த ரிசீவர்ல நம்பிக்கையா ஒரே ஆள் ஆடம் தீலன், 33 வயசு. அந்தப்பக்கம் டிஜே மூர் சிகாகோல 1,364 யார்டு எடுத்தார், அவர் வாழ்க்கைலயே அதிகம்.

டிசம்பர் 17ஆம் தேதி அட்லாண்டா ஃபால்கன்ஸ் மேட்ச். செம மழை. ஆபீஸ்ல ஒருத்தர் இந்த மழைல யார் போறதுன்னு டிக்கெட்டை என்கிட்ட குடுத்துட்டார், மூணு டிக்கெட், நான், பையன், கோச். மேல் அடுக்கு சீட், ஸ்டேடியத்துக்குக் கூரை கிடையாது, பிளாஸ்டிக் ரெயின்கோட்டைப் போட்டுட்டு உக்காந்தோம். சுத்தி நாற்காலி எல்லாம் காலி, மழை அந்த நாற்காலிகள் மேல விழற சத்தம்தான் கேக்குது. கோச் என் பையன்கிட்ட சொன்னார், பந்தைப் பாக்காதே, யங்கையும் பாக்காதே, இடது கார்டை மட்டும் பாரு, அவர் கை எங்க இருக்கு, கால் பின்னாடி போகுதா நிக்குதா, மனசுக்குள்ள ரெண்டரை செகண்ட் எண்ணு. நானும் எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, அதுக்குள்ள கார்டோட தோள் திரும்பிடுச்சு, கை எதிராளியோட நெஞ்சுல இருந்து வழுக்கி வெளிய வந்துடுச்சு, யங் கீழ. எழுந்தார், ஹெல்மெட் கம்பில மாட்டியிருந்த அந்தக் கறுப்பு ரப்பர் துகளை விரலால தட்டி விட்டார், திரும்பப் போய் நின்னார். இதையே அன்னிக்கு எத்தனை தடவை பாத்தேன்னு தெரியல. நானும் எட்டு வருஷமா இந்த விளையாட்டைப் பாத்துட்டு இருந்தேன், ஆனா அன்னிக்குதான் முதல் தடவையா பாத்த மாதிரி இருந்துச்சு. பந்து போற இடத்துல நடக்கறது எல்லாம் அந்த ரெண்டரை செகண்ட்ல முன்னாடியே முடிவாயிடுது.

அந்த மேட்ச்சை ஜெயிச்சோம், 9-7. கடைசில சொந்த எண்டுல இருந்து 90 யார்டு, நிமிஷக்கணக்கா மெதுவா மெதுவா ஓட்டிட்டுப் போய், கடைசி செகண்ட்ல பந்தைக் கம்பத்துக்கு நடுவுல உதைச்சு ஃபீல்டு கோல். யங் அந்தக் கடைசி ஓட்டத்துல எவ்வளவு பொறுமையா விளையாடினார்னு நேர்ல பாத்தவன் நான், அதனால அவருக்குத் திறமை இல்லன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும். திறமை இருந்துச்சு. நிக்கறதுக்கு இடம்தான் இல்ல. வீட்டு ஓடு எல்லாம் ஒழுகுது, இருக்கற நகையை எல்லாம் அடகு வச்சு ஒரு கார் வாங்கிட்டு வந்து வாசல்ல மழைல நிறுத்தினா எப்படியோ அப்படி.

திரும்பி வர்றப்ப கார்ல கோச் 2002 கதையை சொன்னார். 2001ல பாந்தர்ஸ் 1-15. அடுத்த டிராஃப்ட்ல ரெண்டாவது பிக் எங்களுக்கு. முதல் பிக் ஹூஸ்டன் டெக்சன்ஸ், அப்பதான் புதுசா ஆரம்பிச்ச டீம், அவங்க டேவிட் கார்னு ஒரு குவாட்டர்பேக்கை எடுத்தாங்க. லைனுக்கு டோனி போசெல்லின்னு பெரிய ஆளை நம்பி எடுத்து வச்சிருந்தாங்க, அவருக்குத் தோள்பட்டை காயம், ஒரு மேட்ச்கூட அவங்களுக்கு ஆடல. கார் அந்த ஒரு சீசன்ல 76 தடவை சாக் வாங்கினார், இன்னிக்கு வரைக்கும் அதுதான் ரெக்கார்டு. 2005லயும் 68. அந்த மனுஷன் கடைசி வரைக்கும் நிமிரவே இல்ல. பாந்தர்ஸ் என்ன பண்ணாங்க, ஜூலியஸ் பெப்பர்ஸை எடுத்தாங்க, நார்த் கரோலினாலயே பொறந்து இங்கயே காலேஜ் படிச்சவர், எதிர் குவாட்டர்பேக்கைத் துரத்தற டிஃபென்ஸ் முன்வரிசை. அடுத்த வருஷம் 8வது பிக்ல ஜோர்டன் கிராஸ், ஆஃபென்ஸ் முன்வரிசை. குவாட்டர்பேக்? ஜேக் டெலோம்னு ஒருத்தர், டிராஃப்ட்லயே யாரும் எடுக்காதவர், நியூ ஆர்லியன்ஸ்ல பெஞ்சுல இருந்தவரை கொண்டு வந்தாங்க. 2003 சீசன்ல சூப்பர் பவுல். நியூ இங்கிலாந்துகிட்ட 32-29னு கடைசி நிமிஷத்துல தோத்தாங்க. ஒரே ஒரு ஜெயிப்புல இருந்து ரெண்டே வருஷத்துல அங்க போனாங்க, ரெண்டு பக்கமும் முன்வரிசையைக் கட்டி.

கேம் நியூட்டனை 2011ல முதல் பிக்ல எடுத்தாங்களே, அது நல்லாதானே போச்சுன்னு கேக்கலாம். கேக்கணும். ஆனா அந்த பிக் எங்களோட சொந்த பிக், 2-14 தோத்து வந்தது, யாருக்கும் ஒரு பைசா குடுக்கல. அவர் வந்து நின்னப்ப இடது டேக்கிள்ல அதே ஜோர்டன் கிராஸ், முன்வரிசை நடுவுல, சென்டர்ல, ரயன் கேலில், எறிஞ்சா பிடிக்க ஸ்டீவ் ஸ்மித். வீடு ரெடியா இருந்துச்சு, அவர் குடி வந்தார். என் வாதம் குவாட்டர்பேக்கே வேணாம்னு இல்ல. கையில இருக்கற பிக்லயே நல்லவர் கிடைச்சா, முன்னாடி நிக்க ஆள் இருந்தா, தாராளமா எடுக்கலாம்.

எதிர்க் கட்சிக்கு ஒரு நல்ல வாதம் இருக்கு, அதை சொல்லாம போனா நியாயம் இல்ல. காசு. 2010ல முதல் பிக்ல வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருஷத்துக்கு 78 மில்லியன் டாலர், அதுல 50 மில்லியன் கேரண்டி. அடுத்த வருஷமே லீக்குக்கும் ஆட்டக்காரங்களுக்கும் புது ஒப்பந்தம் வந்து புதுப் பசங்க சம்பளத்துக்கு அளவு கட்டிட்டாங்க, அதனால நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்கு 22 மில்லியன்தான். யங்குக்கு நாலு வருஷத்துக்கு கிட்டத்தட்ட 38 மில்லியன். பெரிய குவாட்டர்பேக் ஒருத்தருக்கு இன்னிக்கு ஒரே வருஷத்துக்கு 50 மில்லியனுக்கு மேல குடுக்கறாங்க. அப்ப மலிவா நாலு வருஷம் ஒரு குவாட்டர்பேக் கிடைக்கிறார், மிச்சக் காசுல டீமைக் கட்டலாம், அதனால முதல்ல குவாட்டர்பேக்னு சொல்றாங்க. கேக்க சரியாதான் இருக்கு. ஆனா நடக்கறது என்ன? மிச்சக் காசை வச்சுக் கட்டறதுக்குள்ள ரெண்டு வருஷம் ஓடிடுது, அந்த ரெண்டு வருஷமும் பையன் தரைல கிடக்கறான், பயத்துல பந்தை அவசரமா எறியற பழக்கம் கைல ஒட்டிக்குது, கோச் மாறறார், ஆட்டத் திட்டப் புத்தகம் மாறுது, நாலுல ரெண்டு போச்சு. மலிவுன்னு வாங்கினதுல பாதியை அனுபவிக்கவே இல்ல.

அப்புறம் சின்சினாட்டியை சொல்வாங்க. 2021ல அவங்களுக்கு 5வது பிக். அவங்க குவாட்டர்பேக் ஜோ பரோவுக்கு முந்தின நவம்பர்லதான் முட்டி போயிருந்துச்சு, எல்லாரும் லைன்மேன் பெனாய் சீவலை எடுங்கன்னு சொன்னாங்க, அவங்க ரிசீவர் ஜமார் சேஸை எடுத்தாங்க, அந்த சீசனே சூப்பர் பவுலுக்குப் போயிட்டாங்க. உண்மை, மறுக்கல. சேஸ் அந்த மாதிரி ஆள். ஆனா அந்த பிளேஆஃப்ல டென்னசி மேட்ச்ல பரோவை 9 தடவை சாச்சாங்க, சூப்பர் பவுல்ல 7 தடவை, 23-20னு தோத்தாங்க. மூணே மூணு பாயிண்ட். அந்த கடைசி ப்ளேல எதிர் டீமான லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸோட ஆரன் டொனால்டு வந்து பரோவைப் பிடிச்சு சுழட்டறதை நான் இப்பவும் யோசிச்சுப் பாப்பேன், இன்னும் ஒரு செகண்ட் கிடைச்சிருந்தா?

அந்த சீவல் எங்க போனார்? டெட்ராய்ட் லயன்ஸ், 7வது பிக். 2008ல ஒரு மேட்ச்கூட ஜெயிக்காம 0-16 போன டீம் அது. 2021ல அவங்க தங்களோட ஸ்டார் குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை ராம்ஸுக்குக் குடுத்து, அவங்க குவாட்டர்பேக் ஜாரட் காஃபையும் ரெண்டு முதல் ரவுண்டு பிக்கையும் ஒரு மூணாவது ரவுண்டு பிக்கையும் வாங்கினாங்க. பாந்தர்ஸ் பண்ணினதுக்கு அப்படியே தலைகீழ். சீவல் இன்னும் மிச்சம் இருக்கார்னு தெரிஞ்சதும் அந்த டிராஃப்ட் ரூம்ல டீமுக்கு ஆள் எடுக்கற ஜிஎம் பிராட் ஹோம்ஸ் கத்திக் குதிச்ச வீடியோ இருக்கு, பாருங்க. ஒரு லைன்மேனுக்காக அப்படி சந்தோஷப்பட்டு நான் பாத்ததே இல்ல. அந்த வருஷம் 3-13-1, கடைசி 1 டிரா. அடுத்தது 9-8. அதுக்கடுத்தது 12-5, சூப்பர் பவுலுக்கு முந்தின படியான என்எஃப்சி ஃபைனல் வரைக்கும். 2024ல 15-2. காஃப் அதே காஃப்தான், வேணாம்னு ராம்ஸ் தள்ளி விட்டவர். லைனுக்குப் பின்னாடி நின்னு ஒவ்வொரு வாரமும் நிதானமா எறியறார்.

இந்த இடத்துல எங்க டீமைப் பத்தி வயிறு எரியற ஒரு விஷயம். 2022ல கரோலினால ரெண்டு குவாட்டர்பேக் இருந்தாங்க, பேக்கர் மேஃபீல்டு, சாம் டார்னல்டு. 2018 டிராஃப்ட்ல முதல் பிக்கும் மூணாவது பிக்கும். ரெண்டு பேருமே உருப்பட மாட்டாங்கன்னு முடிவு பண்ணி அனுப்பியாச்சு. மேஃபீல்டு டாம்பா போய் எங்க நாலு டீம் பிரிவான அதே டிவிஷன்ல எங்களை ஜெயிச்சு 2023லயும் 2024லயும் பிளேஆஃப் போனார். டார்னல்டு 2024ல மின்னசோட்டால 14-3. ஆள் மாறல, ஆளைச் சுத்தி இருந்தது மாறிடுச்சு. எங்ககிட்ட இருந்தப்ப அவங்களுக்குக் குடுக்காததை, அவங்களை அனுப்பிட்டு வந்த யங்குக்கும் குடுக்கல.

சரி, டிரேட் பண்ணி மேல போறது எப்பவுமே தப்பான்னா, இல்ல. 2017ல கான்சாஸ் சிட்டி 27ல இருந்து 10க்கு ஏறி குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தாங்க. ஆனா அவங்க முந்தின வருஷம் 12-4. எல்லாம் இருந்த டீம். ஏற்கனவே இருந்த குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் பின்னாடி மஹோம்ஸை ஒரு வருஷம் உக்கார வச்சாங்க. வசதி இருக்கறவன் செலவு பண்றது வேற. 2-15 போற டீம் அதைப் பண்றது வேற.

கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர்னு ரெண்டு பேர் இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க, தேலர் 2017ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கினவர். ஒரே பொசிஷன்ல முன்னாடி எடுத்தவரையும் அவருக்கு அடுத்து எடுத்தவரையும் வச்சுப் பாத்தா, முன்னாடி எடுத்தவர் சிறப்பா வர்ற வாய்ப்பு 52 சதவீதம்தான்னு கண்டுபிடிச்சாங்க. காசைச் சுண்டிப் போட்டாலே 50. அந்த 2 சதவீதத்துக்குத்தான் டீம்கள் ஊரையே எழுதிக் குடுக்கறாங்க. எங்க கதையே சாட்சி, முதல் குவாட்டர்பேக் யங், ரெண்டாவது சிஜே ஸ்ட்ரவுட். ஸ்ட்ரவுட் அந்த வருஷமே சிறந்த புதுமுகம், ஹூஸ்டன் டிவிஷன் ஜெயிச்சுது. ஹூஸ்டன் அந்த ரெண்டாவது பிக்குக்கு யாருக்கும் எதுவும் குடுக்கல. மூணாவது பிக்குக்கு ஏறி டிஃபென்ஸ் ஆள் வில் ஆண்டர்சனை எடுத்தாங்கதான், ஆனா பழைய குவாட்டர்பேக் டெஷான் வாட்சனை கிளீவ்லாந்துக்குக் குடுத்ததுல கையில பிக் உபரியா இருந்துச்சு, இருந்தவங்க செலவு பண்ணாங்க. அதே ஸ்ட்ரவுட்டையும் பாருங்க, முதல் வருஷம் 38 சாக், 2024ல லைன் கலைஞ்சு 52 சாக், எறிஞ்ச பந்து எதிராளி கைல மாட்டற இன்டர்செப்ஷன் 5ல இருந்து 12 ஆயிடுச்சு. யாரா இருந்தாலும் அதே கதைதான்.

நாங்க குடுத்த 2024 முதல் ரவுண்டு பிக் என்ன ஆச்சுன்னு சொல்லணும்ல. 2-15 போனதால அதுவே அந்த வருஷத்தோட முதல் பிக். சிகாகோ அதுல குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை எடுத்தாங்க. எங்க 9ஐ ஒரு படி இறக்கி 10ல டார்னல் ரைட்னு டேக்கிள் எடுத்தாங்க. அவ்வளவு வந்தும் லைனோட நடுப்பகுதியை விட்டுட்டாங்க, கேலப் 68 தடவை கீழ விழுந்தார், சீசன் பாதிலயே அவங்க ஹெட் கோச் போனார். 2025 மார்ச்லதான் விழிச்சுக்கிட்டு ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன்னு ரெண்டு கார்டு ஒரு சென்டர் மூணு பேரை ஒரே நேரத்துல கொண்டு வந்திருக்காங்க. இது பலிக்கும்னுதான் நான் நினைக்கறேன்.

2025ல முதல் பிக் டென்னசி டைட்டன்ஸ். 3-14 போனவங்க. குவாட்டர்பேக் கேம் வார்டை எடுத்துட்டாங்க. அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஏன்னா 2023ல ஸ்கரான்ஸ்கி, 2024ல லேத்தம்னு ரெண்டு வருஷமா முதல் ரவுண்டை லைனுக்கே போட்டாங்க, 2025 மார்ச்ல இடது டேக்கிளுக்கு டான் மூரை வாங்கினாங்க, பிக்கும் சொந்த பிக். யாரும் ஒத்துக்காட்டியும் நான் சொல்லுவேன், வார்டுக்கு கொஞ்சமாவது மூச்சு விட இடம் இருக்கும். கிளீவ்லாந்தும் 3-14தான், அவங்க ரெண்டாவது பிக்கை ஜாக்சன்வில்லுக்குக் குடுத்து 5வது, 36வது, அடுத்த வருஷ முதல் ரவுண்டுன்னு வாங்கிட்டு, 5ல மேசன் கிரகாமை எடுத்தாங்க, டிஃபென்ஸ் முன்வரிசை. ஜாக்சன்வில் அந்த பிக்ல எடுத்த டிராவிஸ் ஹன்ட்டரை விட்டுட்டாங்களேன்னு அங்க ஆளுங்க கொதிச்சாங்க. ஓட்டை நிறைய இருக்கற டீமுக்கு ஒரு பெரிய பேரை விட மூணு நல்ல ஆள் வேணும், அவங்க பண்ணினது சரி.

2023க்கு அப்புறம் எங்க டீம் என்ன ஆச்சு? டேன் மார்கன் ஜிஎம் ஆனதும் 2024ல முதல் வேலையா ரெண்டு கார்டை வாங்கினார். ராபர்ட் ஹன்ட்டுக்கு அஞ்சு வருஷத்துக்கு 100 மில்லியன், டேமியன் லூயிஸுக்கு நாலு வருஷத்துக்கு 53. கார்டுக்கு நூறு மில்லியனான்னு ஊரே கேட்டுச்சு. கோச் மட்டும் அன்னிக்கு எங்க வீட்டு வாசல் வரைக்கும் நடந்து வந்து, இதை முந்தின வருஷமே பண்ணியிருக்கணும்னு சொல்லிட்டுப் போனார். 2024லயும் ரெண்டாவது மேட்ச் முடிஞ்சதும் யங்கை பெஞ்சுல உக்கார வச்சாங்க, எனக்கு அன்னிக்கு அழுகையே வந்துடுச்சு, பையன் அந்த 9ஆம் நம்பர் ஜெர்சியை அலமாரில மடிச்சு வச்சுட்டான். அக்டோபர்ல அவருக்குப் பதிலா ஆடின ஆண்டி டால்டனுக்கு கார் விபத்துல கட்டைவிரல் அடிபட்டதால யங் திரும்ப வந்தார். வந்தவர் வேற ஆளா இருந்தார், இல்ல, அதே ஆள்தான், நிக்க இடம் கிடைச்ச அதே ஆள்.

சீசனோட கடைசி மேட்ச், 2025 ஜனவரி 5, அட்லாண்டால. வீட்ல பாத்தோம். கோச்சும் வந்திருந்தார், என் மனைவி போட்ட பஜ்ஜியை சாப்பிட்டுட்டே பாத்துட்டு இருந்தார். 44-38, ஓவர்டைம்ல ஜெயிச்சோம், யங் மூணு டச்டவுன், அதாவது எதிராளியோட எல்லைக்குள்ள பந்தைச் சேர்க்கறது, எறிஞ்சு ரெண்டு ஓடி எடுத்தார். பையன் மேட்ச் பூரா டிவிக்கு ஒரு அடி முன்னாடி தரைல உக்காந்து வாய்க்குள்ளயே எண்ணிட்டு இருந்தான். ஒண்ணு, ரெண்டு, ரெண்டரை. மூணாவது குவாட்டர்ல ஒரு தடவை திரும்பி, "அப்பா, மூணு வரைக்கும் எண்ணிட்டேன்ப்பா, இன்னும் நிக்கறாரு"ன்னான்.